யாழ்ப்பாணத்துக் கழிவுநீர்த் திட்டத்துக்குப் பொறியியலாளரை எப்படித் தெரிவுசெய்கிறார்கள்?

வண்ணார்பண்ணையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வளவில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் முப்பது அடிகூட இல்லை. பக்கத்து வீட்டுக் குழி எங்கள் கிணற்றுக்கு அதைவிடக் கிட்ட. நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆலோசனை நிறுவனத்துக்கு இத்தனை மில்லியன் என்று செய்தி வருகிறது, குழாயைக் காணவில்லை. இந்தப் பொறியியல் சேவையை எப்படி வாங்குகிறார்கள்? குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்தால் என்ன?"

நான் நீர், கழிவுநீர் வேலைகளில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவன். விலைமனுக்களை மதிப்பிடும் குழுக்களிலும் இருந்திருக்கிறேன். கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

சீமெந்து வாங்கும்போது குறைந்த விலை சரி. 225 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் வாங்கும்போதும் சரி. எந்தத் தரம், எத்தனை மீற்றர், எங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். வந்து இறங்கியதும் தட்டிப் பார்க்கலாம், பிழை என்றால் திருப்பி அனுப்பலாம். பொறியியல் சேவை அப்படி இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் அந்தப் பொருள் உலகத்திலேயே இல்லை. சில மனிதர்களின் மாதங்களையும், அவர்கள் எடுக்கப்போகும் முடிவுகளையும்தான் நகரம் வாங்குகிறது. அந்த முடிவு பிழை என்றால் அது உடனே தெரியவும் மாட்டாது. ஐந்து வருடம் கழித்து, வீதியைத் தார் போட்டு மூடிய பிறகு, ஒரு மேன்ஹோல் நிரம்பி வழியும்போதுதான் தெரியும்.

வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்கும் போகும் பணம் பொதுவாகக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இருக்கும். மிச்சத் தொண்ணூறும் எப்படிச் செலவாகும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பத்துத்தான். அதற்கு மேல் முப்பது வருடத்துக்கு நகரம் கட்டப்போகும் பம்பு மின்சாரக் கட்டணத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. அந்தப் பத்தில் இரண்டை மிச்சம் பிடிக்கப் போய் மற்றத் தொண்ணூறில் இருபதை இழந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கூர்மையான விஷயம், ஏனென்றால் எங்கள் நிலம் பிழையை மன்னிக்காது. குடாநாட்டுக்கு அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. மாரியில் பெய்யும் மழை அந்தக் கல்லின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு வில்லையாக மிதக்கிறது. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அதைத்தான். குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி இருந்தால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். மணல் நிலத்தில் அதற்கு அர்த்தம் உண்டு, மணல் வடிகட்டும். சுண்ணாம்புக்கல் வெடிப்பு வடிகட்டாது, நேரே கடத்திவிடும்.

ஒரு சோதனைக் கிடங்கு வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் இது நன்றாக விளங்கும். மேலே ஓரிரு அடி செம்மண். கீழே வெள்ளைக்கல், அதில் விரல் போகக்கூடிய துளைகள். ஒரு வாளி தண்ணீரை அந்தக் கல்லின் மேல் ஊற்றினேன். தேங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றவர்கள் முன்னால் அது அப்படியே உள்ளே போய்விட்டது. குழியிலிருந்து கசிவதும் இதே வழியாகத்தான் போகிறது. கிணற்று நீரில் நைத்திரேற்று என்ற கரைந்த உப்பு ஏறுவதற்குத் தோட்டத்துப் பசளை ஒரு காரணம், மலசலகூடக் குழிகள் இன்னொரு காரணம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நிலத்தின் தட்டை. கண்டியில் மலையும் பள்ளமும் உண்டு, கழிவுநீர் தானாகவே கன்னொறுவைச் சுத்திகரிப்பு நிலையத்தின் திசையில் இறங்கப் பார்க்கும். எங்களிடம் அந்த வசதி இல்லை. குழாயில் கழிவு படியாமல் ஓட வேண்டுமென்றால் தண்ணீர் வினாடிக்குக் குறைந்தது 0.6 மீற்றர் வேகத்தில் போக வேண்டும். 225 மில்லிமீற்றர் குழாய்க்கு 250 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீற்றர் போவதற்குள் குழாய் 4 மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் 4 மீற்றர் ஆழம் என்றால் அது தண்ணீருக்குள். நகரத்தின் உட்பகுதியில் என்றால் கல்லுக்குள். கல்லை உடைக்கும் இயந்திரம் ஒடுங்கிய ஒழுங்கையில் வேலை செய்தால் பழைய வீட்டுச் சுவரும் கிணற்றுக் கட்டும் அதிரும். எனவே எத்தனை பம்பு நிலையங்கள், எங்கே, அல்லது காற்றை உறிஞ்சிக் கழிவை இழுக்கும் வெற்றிடக் குழாய் முறையா, அல்லது வீட்டுத் தொட்டியில் கசடை நிறுத்தித் தெளிந்த நீரை மட்டும் சிறிய குழாயில் எடுப்பதா என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் பார்த்து எழுதும் விடை அல்ல. ஆளுக்கு ஆள் வேறுபடும் முடிவுகள். அந்த ஆளைத்தான் நாங்கள் தெரிவுசெய்கிறோம்.

சரி, வாங்குபவர் யார்? யாழ். மாநகர சபை 1949 இல் உருவானது. குழிக் கசடை இறைத்து ஏற்றும் பவுசர் வண்டி அனுப்புவது, கான் துப்புரவாக்குவது எல்லாம் அதன் வேலை. ஆனால் குழாய்வழிக் கழிவுநீர்த் திட்டம் என்பது சபையின் வரவுசெலவுக்குள் அடங்கும் விஷயம் இல்லை. கொழும்பில் நூறு வருடத்துக்கு மேல் பழமையான குழாய்த் தொகுதியை மாநகர சபையே வைத்து நடத்துகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைதான் கட்டுகிறது. பணம் வெளிநாட்டுக் கடனாக வரும், ஒப்பந்தத்தில் அமைச்சோ நீர் வழங்கல் சபையோ கையெழுத்திடும், வீதியை வெட்ட அனுமதிப்பது மாநகர சபை, பிறகு திட்டுவாங்குவதும் மாநகர சபை. இந்த இடைவெளியை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. கசடையும் கானையும் நாளாந்தம் பார்ப்பவர்கள் மாநகர சபையின் பொறியியலாளர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும்தான். நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதும் மேசையில் அவர்களுக்கு இடம் இல்லையென்றால், கொழும்பில் இருந்து எழுதிய தாளில் யாழ்ப்பாணம் இருக்காது.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரச பெறுகைக்கு, அதாவது அரசு பொருளும் சேவையும் வாங்குவதற்கு, இலங்கையில் தனி வழிகாட்டல்கள் உண்டு. ஆலோசனைச் சேவைகளுக்கு 2007 இல் ஒரு தனி வழிகாட்டல் நூலே வந்தது. சீமெந்தையும் பொறியியலாளரையும் ஒரே முறையில் வாங்க முடியாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதால் வந்த பிரிவு அது. தேசிய பெறுகை ஆணைக்குழு 2015 இல் 19ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்புக்குள் வந்தது, 2020 இல் 20ஆம் திருத்தம் அதை நீக்கியது, 2022 இல் 21ஆம் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. கடன் உலக வங்கியுடையதோ ஆசிய அபிவிருத்தி வங்கியுடையதோ என்றால் அந்த வங்கியின் விதியே மேலோங்கும். பெயர்களும் படிவங்களும் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

முதல் படி வேலை விபரத்தை எழுதுவது. அலுவலகத்தில் எல்லோரும் ரி.ஓ.ஆர். என்றே சொல்வார்கள். என்னைக் கேட்டால் முழு விஷயமும் இந்த இருபது முப்பது பக்கங்களில்தான் வெல்லப்படுகிறது அல்லது தோற்கப்படுகிறது. பிறகு நடக்கும் புள்ளியிடல், கூட்டம், கடிதம் எல்லாம் இதில் எழுதியதன் விளைவு. ஆனால் நடைமுறையில் இதற்குத்தான் மிகக் குறைந்த நேரம் கொடுக்கிறார்கள். வேறொரு நகரத்தின் தாளை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கரையோர ஊர், பெயர் வேண்டாம். வேலை விபரத்தில் "நிலத்தடி நீர்மட்டத்தை அளவிட வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. எப்போது, எத்தனை தடவை என்று இல்லை. வந்தவர்கள் ஓகஸ்டில் அளந்தார்கள். அளவு சரிதான், பொய் இல்லை. அதை வைத்துக் குழாயின் ஆழத்தையும் தோண்டும் செலவையும் கணக்கிட்டார்கள். ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கியது நவம்பரில். முதல் கிழமையிலேயே வெட்டிய கிடங்கு முழுக்கத் தண்ணீர். நான்கு பம்பு வைத்து இறைத்தும் அடி காணவில்லை. கரை இடிந்து விழுந்தது. ஒப்பந்தக்காரர் மேலதிகக் கொடுப்பனவு கேட்டார், கேட்டது நியாயம். அதைக் கொடுக்கப் பணம் இல்லை. வேலை நின்றது. "ஒரு முழு மாரி உட்படப் பன்னிரண்டு மாதங்கள், மாதம் ஒரு தடவை அளவிட வேண்டும்" என்று ஒரே ஒரு வசனம் அந்தத் தாளில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே யாழ்ப்பாணத்துக்கான தாளில் நான் கட்டாயம் எதிர்பார்ப்பவை சில உண்டு. கல் எத்தனை அடியில் தொடங்குகிறது என்பதற்குத் துளையிட்ட சான்று. மாரி, கோடை இரண்டிலும் கிணற்று மட்டமும் நீரின் தரமும். வீடுவீடாகக் கணக்கெடுப்பு: குழி எங்கே, அடி பூசியதா பூசாததா, பவுசர் கடைசியாக எப்போது வந்தது, ஆட்கள் எத்தனை பேர். இந்தக் கடைசிக் கேள்வி லேசானது போலத் தெரியும். 2012 குடிசன மதிப்பில் மாநகரத்தின் சனத்தொகை ஏறக்குறைய 88,000. அதை வருடத்துக்கு இத்தனை வீதம் என்று கூட்டிக்கொண்டு போய்க் குழாய் அளவு எடுப்பது வழமை. ஆனால் எங்கள் ஊரில் எட்டு அறை வீட்டில் ஒரு அம்மம்மா தனியாக இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும். அதே வீட்டில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பதினைந்து பேர். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அந்த நாள்களில் கூடும் சனத்துக்கு வேறு கணக்கு. சராசரிக்கு வடிவமைத்தால் வருடத்தில் பதினொரு மாதம் குழாயில் ஓட்டம் போதாமல் கழிவு படியும், ஒரு மாதம் வழியும்.

தண்ணீர் இல்லாமல் கழிவுநீர்க் குழாய் ஓடாது என்பதும் தாளில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 வீதம் கழிவுநீராக வெளியே போகும் என்று கணக்கிடுவோம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தது. இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவதுதான் முதல் எண்ணம். குளத்தை நம்பி வயல் செய்யும் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களது பயம் நியாயமான பயம். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவோடு 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். இடையில் போனது பதினாலு வருடம். நீரின் மூலம் மாறினால் அதற்குப் பின்னால் வரும் கழிவுநீரின் கணக்கும் காலமும் மாறும். பொறியியல் ஆய்வு குழாய்க்கும் பம்புக்கும் மட்டும் பதில் தேடினால் போதாது, தண்ணீரோடு சீவிக்கும் சனத்தையும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எங்களுக்கு வேண்டியதில்லை.

சுத்திகரித்த நீர் எங்கே போகும் என்பதும் முதலிலேயே கேட்க வேண்டியது. உள்நாட்டு நீர்நிலைக்கு விடுவதென்றால் உயிரியல் ஒட்சிசன் தேவை, அதாவது நீரில் மிச்சமிருக்கும் அழுகக்கூடிய கழிவைக் காட்டும் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நியமம். எங்களுக்கு வெளியே இருப்பது ஆழங்குறைந்த கடனீரேரி. அதில் குருநகராரும் பாசையூராரும் இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். தோட்டத்துக்கு விடலாமா என்பது இன்னொரு கேள்வி. இதை வந்த நிறுவனம் தீர்மானிக்கட்டும் என்று விட்டால் அவர்களுக்கு மலிவான விடைதான் வரும்.

தாள் எழுதியதும் பத்திரிகையில் விளம்பரம் வரும், ஆர்வமுள்ள நிறுவனங்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பும், அதிலிருந்து பொதுவாக நாலு முதல் ஆறு வரையான நிறுவனங்களைப் பொறுக்கி எடுப்பார்கள். இந்த இடத்தில் விலை பற்றிப் பேச்சே இல்லை. பட்டியலில் வந்தவர்களுக்கு மட்டும் முழு முன்மொழிவு கேட்டுக் கடிதம் போகும். தொழில்நுட்ப முன்மொழிவு ஒரு உறையில், விலை இன்னொரு உறையில், இரண்டும் ஒட்டி முத்திரையிட்டு. தொழில்நுட்ப உறையை மட்டும் திறந்து, விலை உறையைப் பெட்டகத்தில் பூட்டிவிடுவார்கள். மதிப்பிடுபவர் விலையைப் பார்த்துவிட்டால் அவருடைய பேனா வளையும், நல்லவர் என்றாலும் வளையும். அதற்காகத்தான் இந்தப் பூட்டு.

தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு 100 புள்ளி. உலக வங்கி வழமையில் நிறுவனத்தின் அனுபவத்துக்கு ஆகக் கூடியது 10தான். வேலையை எப்படிச் செய்வோம் என்ற அணுகுமுறைக்கு 20 முதல் 50. முக்கிய ஆட்களுக்கு 30 முதல் 60. மிச்சம் அறிவுப் பரிமாற்றத்துக்கும் உள்ளூர் ஆட்களின் பங்குக்கும். பெரிய பெயருள்ள நிறுவனம் என்பதால் மட்டும் வெல்ல முடியாதபடி இதை அமைத்திருக்கிறார்கள். அது சரியான யோசனை என்றே நினைக்கிறேன். குழாயின் சரிவைக் கணக்கிடப்போவது நிறுவனத்தின் பெயர்ப்பலகை இல்லை, ஒரு மனிதர்.

முன்மொழிவை வாசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது அணுகுமுறை அத்தியாயத்தைத்தான். முதல் இரண்டு பக்கத்தில் யாழ்ப்பாணம் ஒரு "விரைவாக வளரும் வெப்பவலய நகரம்" என்று இருந்தால், அது எந்த நகரத்துக்கும் அனுப்பிய தாள் என்று தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு முன்மொழிவின் நடுவில் வேறொரு நாட்டு ஆற்றின் பெயரே இருந்தது. மாறாக, இன்னொரு குழு விண்ணப்பிக்கும் முன்பே தங்கள் செலவில் ஒரு இளம் பொறியியலாளரை மூன்று நாள் அனுப்பியிருந்தார்கள். அவர் பத்துப் பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளில் கயிறு விட்டு மட்டம் அளந்து, ஒரு சின்ன வரைபடமாகப் போட்டிருந்தார். பெரிய நிறுவனம் இல்லை. ஆனால் அந்த ஒரு பக்கம் மற்றவர்களின் நூறு பக்கத்துக்குச் சமம்.

அடுத்து ஆட்களின் சுயவிபரக் கோவை. இங்கேதான் ஏமாறுவது அதிகம். முப்பது வருட அனுபவமுள்ள குழுத்தலைவரின் பெயரைக் காட்டிப் புள்ளி வாங்குவார்கள். ஒப்பந்தம் எழுதி மூன்று மாதத்தில் அவருக்கு "உடல்நலக் குறைவு", வேறொருவர் வருவார். அதனால் பார்க்க வேண்டியது பெயரை மட்டும் இல்லை, நாட்கணக்கை. குழுத்தலைவர் பதினெட்டு மாத வேலையில் எத்தனை மாதம் யாழ்ப்பாணத்தில் இருப்பார், எத்தனை மாதம் தன் நாட்டு அலுவலகத்தில் இருந்து மின்னஞ்சல் போடுவார்? கோவையில் அவரே கையெழுத்திட்டாரா? ஆளை மாற்றினால் சமமான அல்லது மேலான தகுதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இந்த மூன்றும் கேட்காத மதிப்பீட்டுக் குழு பாதி வேலைதான் செய்கிறது.

இனி விலை உறை. தொழில்நுட்பத்தில் முன்பே அறிவித்த ஆகக் குறைந்த புள்ளிக்கு, பெரும்பாலும் 70க்கு, கீழே எடுத்தவரின் விலை உறை திறக்கப்படாமல் திரும்பிப் போகும். மற்றவர்களின் உறைகள் அவர்களின் பிரதிநிதிகள் முன்னால் திறக்கப்படும். மேசையில் எல்லோரும் அமைதியாக இருப்பார்கள், கத்திரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கும். முதலில் தொழில்நுட்பப் புள்ளியை வாசிப்பார்கள், பிறகு விலையை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் மறக்காது.

கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தில் காட்டுகிறேன். முதல் நிறுவனம் தொழில்நுட்பத்தில் 88, விலை 120 மில்லியன் ரூபாய். இரண்டாவது 79, விலை 90 மில்லியன். ஆகக் குறைந்த விலைக்கு 100 புள்ளி. மற்றவருக்கு அந்தக் குறைந்த விலையை அவர் விலையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், அதாவது 90ஐ 120ஆல் வகுத்தால் 75. தரத்துக்கு 80, விலைக்கு 20 என்பது வழமையான நிறை. முதல்வருக்கு 70.4ஐயும் 15ஐயும் கூட்டினால் 85.4. இரண்டாமவருக்கு 63.2ஐயும் 20ஐயும் கூட்டினால் 83.2. முதல்வர் வென்றார். இப்போது நிறையை 70க்கு 30 என்று மாற்றிப் பாருங்கள். முதல்வருக்கு 84.1, இரண்டாமவருக்கு 85.3. முடிவு தலைகீழ். ஒருவர் புள்ளியையும் யாரும் தொடவில்லை, விலையையும் தொடவில்லை. அந்த நிறையை முன்மொழிவு கேட்கும் கடிதத்திலேயே தீர்மானித்து எழுத வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். சிக்கலான ஆய்வுகளுக்கு 90க்கு 10 வைப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்து நிலத்துக்கு நான் அதைத்தான் கேட்பேன். மாதிரி வடிவமைப்பு ஏற்கெனவே உள்ள பொதுக் கழிப்பறைத் தொகுதி போன்ற லேசான வேலைக்குக் குறைந்த விலை முறை போதும்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே 1972 இல் வந்த ப்ரூக்ஸ் சட்டம், மத்திய அரசு வேலைகளுக்குப் பொறியியலாளரைத் தகுதியால் மட்டுமே வரிசைப்படுத்தச் சொல்கிறது. முதலிடம் வந்தவரோடு விலை பேச வேண்டும். நியாயமான விலைக்கு உடன்படவில்லையென்றால் அவரை விட்டு இரண்டாமவரோடு பேச வேண்டும். பல மாநிலங்களும் நகரங்களும் இதே வழியில் நடக்கின்றன. அங்கே பல மாநகரங்கள் தகுதியுள்ள சில நிறுவனங்களோடு சில வருடங்களுக்குப் பொது ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பம்பு நிலையம் பழுது, ஒரு குழாய் அளவை என்று தேவை வரும்போது சிறிய கட்டளையாகக் கொடுக்கின்றன. தகுதியால் மட்டும் தெரிவு என்பது எங்கள் வழிகாட்டல்களிலும் வங்கி விதிகளிலும் இருக்கிறது, விசேட சந்தர்ப்பத்துக்கு என்று. ஆனால் அதைப் பயன்படுத்தப் பயப்படுகிறார்கள். கணக்காய்வில் "ஏன் விலை பார்க்கவில்லை" என்ற கேள்வி வரும் என்ற பயம். விலை பேசத் தெரிந்த, நியாய விலை எவ்வளவு என்று முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்திருக்கிற பொறியியலாளர் அலுவலகத்தில் இருந்தால்தான் அந்த முறை பாதுகாப்பு. அது இல்லாத இடத்தில் 80க்கு 20 தான் நல்லது.

தெரிவு முடிந்த பிறகும் பேச்சுவார்த்தை உண்டு. ஆனால் தரமும் விலையும் சேர்ந்த முறையில் மாதச் சம்பள வீதத்தைக் குறைக்கச் சொல்லி இழுபறிப்படுவது முறை இல்லை. வேலையின் எல்லை, ஆட்களின் கால அட்டவணை, நகரம் கொடுக்க வேண்டிய தகவல்கள் ஆகியவற்றைத்தான் பேச வேண்டும். கொடுப்பனவு இரண்டு வகை: ஆளுக்கு மாதக் கணக்கு, அல்லது அறிக்கைக்கு மொத்தத் தொகை. ஆய்வுக்கும் மேற்பார்வைக்கும் மாதக் கணக்கு பொருந்தும். வரைபடமும் அறிக்கையும் எவை என்று தெளிவாகச் சொல்லக்கூடிய வேலைக்கு மொத்தத் தொகை. மொத்தத் தொகைக்கு ஆய்வைக் கொடுத்தால் அவர்கள் நிலத்தில் இடும் சோதனைத் துளைகளைக் குறைப்பார்கள். இன்னொன்று, வடிவமைத்த நிறுவனமோ அதன் கூட்டாளியோ அதே வேலையின் கட்டுமான ஒப்பந்தத்துக்குப் போட்டியிடக் கூடாது. இது எல்லா வங்கி விதியிலும் இருக்கிறது.

அறிவுப் பரிமாற்றத்துக்கான புள்ளிகளைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு பேராவது அந்த வெளிநாட்டுக் குழுவோடு கிணறு கிணறாகத் திரிய வேண்டும், மாதிரியையும் தரவுகளையும் நகரத்திலேயே விட்டுப் போக வேண்டும் என்று தாளில் எழுதினால், அடுத்த ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்கிற "ஆலோசனை நிறுவனத்துக்கு இத்தனை மில்லியன்" என்ற செய்தி திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம், முந்தியவர்களின் அளவுகள் ஒருவர் கையிலும் இல்லாமல் போனதுதான்.

இன்னும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். முழு நகரத்துக்கும் குழாய் என்பது நீண்ட காலம் எடுக்கும். அதுவரை உங்கள் வளவுக் குழி அங்கேதான் இருக்கும். அதனால் பொறியியல் சேவை வாங்கும்போது குழாயோடு கசடு முகாமைத்துவத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்: எந்த வீட்டுக் குழியை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை இறைப்பது, பவுசர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, அங்கே எப்படிச் சுத்திகரிப்பது, அடி பூசாத குழியை எப்படி நீர் புகாத தொட்டியாக மாற்றுவது. குழிக் கசடு சாதாரணக் கழிவுநீரைவிடப் பல மடங்கு செறிவானது. ஒரு பவுசர் கசடைத் தரவையில் கொட்டினால் அது கல் வெடிப்பு வழியாக இன்னொருவர் கிணற்றுக்குத்தான் போகும். இந்த வேலை சிறியது, மலிவானது, குழாயைவிட முன்னே பலன் தருவது. திறப்பு விழாப் படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, வேலை விபரத்தில் இதற்கு எப்போதும் கடைசிப் பக்கம்தான் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேசையில் பல முறை வாதாடியிருக்கிறேன், சில முறை வென்றும் இருக்கிறேன்.

நீங்கள் என்ன செய்யலாம்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பகிரங்க அதிகார சபையிடமும் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. மாநகர சபையிலும் நீர் வழங்கல் சபையிலும் தகவல் அலுவலர் இருக்கிறார். அடுத்த முறை "ஆலோசனை நிறுவனத்துக்கு இத்தனை மில்லியன்" என்று செய்தி வந்ததும் விலையைக் கேட்காதீர்கள், வேலை விபரத் தாளைக் கேளுங்கள். அதில் நிலத்தடி நீர்மட்டம் எத்தனை மாதம் அளக்கப்படும் என்று பாருங்கள். எத்தனை துளை, எங்கே என்று பாருங்கள். தரத்துக்கும் விலைக்கும் என்ன நிறை என்று பாருங்கள். முந்திய ஆய்வுகளின் தரவுகள் இணைப்பில் உள்ளனவா என்று பாருங்கள். தாள் இன்னும் இறுதியாகவில்லை என்று பதில் வந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஒழுங்கையில் உள்ள கிணறுகளின் மட்டத்தை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரு கயிறும் மீற்றர் நாடாவும் வைத்து அளந்து, ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். ஒரு மாரி முடிந்ததும் அந்தக் கொப்பியின் பிரதியை மாநகர சபைப் பொறியியல் பகுதியில் கொடுங்கள். நான் அந்த மேசையில் இருந்த காலத்தில் யாரும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து தரவில்லை. தந்திருந்தால் அதை வேலை விபரத்தின் முதல் இணைப்பாக வைத்திருப்பேன்.